பொட்டு வைத்த சக்கரம்

இலத்தூரில் நானும் என் மனைவியின் தம்பி முத்துவும் மரம் அறுக்கும் பட்டறை நடத்துகிறோம். ரம்பத்தை ஓட்டும் பழைய ஆயில் இஞ்சினின் பெரிய சக்கரம் உடைந்துவிட்டது. புதிது வாங்க வசதியில்லை. ஆயுத பூஜை முடிந்த வாரம், தென்காசிப் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. அதில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன.

"துடைச்சுப் பாத்துருவமா அத்தான்?" என்றான் முத்து.

"பூசை போட்ட பொட்டை எவம்லே அழிப்பான்?" என்று அதட்டிய மடையன் நான்தான்.

மாட்டி ஓட்டினோம். வேகம் ஏறியதும் சக்கரம் ஆடியது. முத்து அதற்கு நேர் எதிரே நின்று ரம்பத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தான். "ஏலே, விலகுலே!" என்று கத்தினேன். இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. பாய்ந்து அவனை மரத்தூளில் தள்ளி மேலே விழுந்தேன். பயங்கரச் சத்தம். அவன் உடம்பில் அசைவில்லை. பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பேன்?

"எந்திரிங்க அத்தான், மூச்சு முட்டுது" என்றான்.

அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் சுவரில் பாதிச் சக்கரம் செருகி நின்றது. குங்குமத்துக்கு அடியில் துருவேறிய பழைய விரிசல். தென்காசிக்குப் போய்க் கடைக்காரன் சட்டையைப் பிடித்தேன். "நீரு துடைச்சுப் பாத்திருக்கணும்வே" என்றான், வெட்கங்கெட்டவன்.

இப்போது பழைய சாமான் எதுவானாலும் முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் பொட்டை அழிக்கிறேன். பிறகு சுத்தியலால் தட்டுகிறேன். விரிசல் விட்ட இரும்பு மணிபோல் ஒலிக்காது; அப்படிப்பட்டதை வாங்குவதில்லை. பொட்டை அழிப்பது பாவம் என்பவர்கள் எங்கள் பட்டறைச் சுவரை வந்து பார்க்கட்டும்.