வாயசைக்கும் பக்கம்

எங்கள் மடத்துப் பாடகர் குழாமில் நான் இருபது வருடத்துக்கு மேல் நின்றேன். அதில் ஒரு நாளைத் தவிர வேறெந்த நாளும் பாடியதில்லை. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் நானும் சொல்லித் திரிந்தேன்.

மடம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். மருதனார்மடச் சந்தைக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் ஓடு போட்ட ஒரு வீடு, அதோடு ஒட்டினாற்போல் ஒரு சிற்றாலயம். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்போம், தோட்டம் கொத்துவோம். காலையும் மாலையும் சகோதரர்கள் எல்லோரும் சிற்றாலயத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஆளையாள் பார்த்தபடி நின்று திருப்பாடல்களைப் பாடுவோம். ஒரு வரி வலப்பக்கம், அடுத்த வரி இடப்பக்கம். ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு மூச்சு நேரம் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். அந்த மூச்சை யாராவது முந்தி விட்டால் பெரிய பிரதரின் புருவம் மேலே போகும்.

பெரிய பிரதர்தான் எங்களுக்குப் பாட்டுப் பழக்கியவர். நான் சேர்ந்த முதல் மாலையே என்னை ஒரு வரி பாடச் சொன்னார். பாடினேன். தண்ணீர் இறைக்கிற மிசின், எண்ணெய் முடியும் நேரத்தில் ஒரு இழுவை இழுக்குமே, என் குரல் அந்த ரகம். அவர் கோபிக்கவில்லை.

"தம்பி, நீர் வாயை மட்டும் அசையும். ஆண்டவருக்கு விளங்கும்," என்றார்.

ஆண்டவருக்கு விளங்கியதோ தெரியாது, நான் அதில் கெட்டிக்காரனாகிவிட்டேன். எந்த எழுத்துக்கு எவ்வளவு வாய் திறப்பது, எந்த இடத்தில் கழுத்து நரம்பைப் புடைக்க விடுவது, எல்லாம் அத்துப்படி. ஒருமுறை பூசைக்கு வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரி, அத்தனை பேருக்குள்ளும் என் குரல்தான் தனக்குத் தனியாகக் கேட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். இரவுச் சாப்பாட்டில் அதை நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பெரிய பிரதர் எல்லோரையும்விட அதிகமாக. நான் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்திலாவது பாடிப் பார்ப்போம் என்று ஒரு நாள் தொடங்கினேன். பக்கத்துத் தோட்டக்காரர் மண்வெட்டியோடு வேலியடிக்கு ஓடிவந்தார்.

"அட, நீங்களோ பிரதர்? நான் என்ரை மிசின் பழுதாப் போச்செண்டெல்லோ ஓடி வாறன்."

அதோடு தோட்டத்துப் பாட்டை விட்டேன், வெங்காயமும் தப்பியது.

பிறகு ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். சிலரை வேறு மடங்களுக்கு மாற்றினார்கள். ஒருவர் கனடாவில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போனவர், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிலர் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போனார்கள். புதிதாகச் சேர ஒருவரும் வரவில்லை. கடைசியில் வலப்பக்கம் பெரிய பிரதரும் சமையலைப் பார்க்கும் பிரதரும், இடப்பக்கம் ஒரு கிழவரும் நானும். கிழவர் நடுங்கி நடுங்கிப் பாடுவார். அந்த நடுக்கத்துக்குப் பின்னால் நான் சுகமாக ஒளிந்திருந்தேன். போன மாரியில் அவரும் போய்விட்டார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை. வலப்பக்கம் முதல் வரியைப் பாடி முடித்தது. அடுத்தது எங்கள் பக்கம். எங்கள் பக்கம் என்றால் நான். வாயைத் திறந்தேன். பழக்கதோசம் பாருங்கள், உதடு ஒரு எழுத்துப் பிசகாமல் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது. நடுவில் மூச்சுக்கும் முறைப்படி நிறுத்தினேன். சமையல் பிரதர் திகைத்துப்போய் என்னையே பார்த்தார். நான் வாயை மூடியதும் பெரிய பிரதர் சரியான நேரத்தில் தன் வரியை எடுத்தார். முழுத் திருப்பாடலும் அப்படியே போனது. ஒரு வரி பாட்டு, ஒரு வரி மழை.

முடிந்ததும் பெரிய பிரதர் என் தோளில் தட்டினார்.

"அவர் போயும் உங்கடை பக்கம் குறையேல்லை. இண்டைக்குச் சுருதி சுத்தம்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மனிதருக்குக் காது போய்விட்டது. எப்போது போனதோ தெரியாது, இவ்வளவு காலமும் எங்கள் வாயைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார். அவராகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிற மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது?

அந்த வாரமே எங்கள் சபையின் மேலாளர் கொழும்பிலிருந்து தகவல் அனுப்பினார். தான் வந்து கேட்கப்போவதாகவும், இரண்டு பக்கமும் பாட ஆள் இருந்தால் பாட்டுத் தொடரட்டும், இல்லாவிட்டால் இனிமேல் வாசித்தால் போதும் என்றும் சொன்னார்.

"நீங்கள் வாய் திறக்காட்டி மனுசன்ரை பாட்டு முடிஞ்சுது," என்றார் சமையல் பிரதர்.

"திறந்தாலும் முடிஞ்சுதுதான்," என்றேன்.

ஆனாலும் பழகினேன். பக்கத்துத் தோட்டத்து மிசின் ஓடுகிற நேரம் பார்த்து அதன் அருகில் நின்று பாடுவேன். இரண்டில் எது எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது, மறைப்பானேன். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, அந்தச் சிற்றாலயத்தில் என் சத்தமும் கேட்க வேண்டும், பெரிய பிரதரின் புருவம் மேலே போகாமல் இருக்க வேண்டும்.

மேலாளர் வந்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்தார். எங்கள் வரி வந்ததும் நான் பாடினேன். நன்றாக வந்தது என்று எழுத எனக்கும் விருப்பம்தான். மேலாளர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் பிரதர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய பிரதர் மட்டும் என் வாயைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். புருவம் அசையவில்லை. இருபது வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். அது எனக்குக் கிடைத்தபோது அவருக்குக் கேட்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது மேலாளர், வயது போகிறது, உடம்பைப் பார்க்க வேண்டும் என்று சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு பையைத் திறந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பெரிய மடமொன்றின் பாடகர் குழாம் பாடிய திருப்பாடல்களெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். பாட்டைக் கேட்டு முடிவெடுக்க வந்தவர், பெட்டியோடுதான் வந்திருந்தார்.

பெரிய பிரதருக்கு விசயம் எட்டக் கொஞ்ச நேரம் எடுத்தது. பாட்டில் என்ன பிழை என்று கேட்டார். அவர் தலையாட்டியதிலேயே மேலாளருக்கு விசயம் பிடிபட்டிருக்க வேண்டும், ஆனால் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு பக்கம் சரிவரேல்லை, பிரதர்," என்று உரத்துச் சொன்னார்.

பெரிய பிரதர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் சத்தம் போட்டனீரோ?"

சமையல் பிரதர் ஏதோ சொல்லப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"ஓம்."

"வாயை மட்டும் அசையும் எண்டு சொன்னனானெல்லே காணும்," என்றார். குரலில் கோபமில்லை. "உம்மட்டை நான் வேறையொண்டும் கேக்கேல்லையே."

இப்போது எங்கள் சிற்றாலயத்தில் பெட்டிதான் பாடுகிறது. அருமையாகப் பாடுகிறது, குறை சொல்ல முடியாது. நடு மூச்சை மட்டும் எங்களைவிடக் கெதியாக முந்திவிடுகிறது. பெரிய பிரதர் கீழ்ப்படிவுள்ள மனிதர். பாட வேண்டாம் என்ற பிறகு ஒரு சத்தமும் எழுப்பவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்று என் வாயைப் பார்த்துத் தன் வாயை அசைக்கிறார். கழுத்து நரம்பு இன்னும் சரியாக வரவில்லை. அதற்குக் காலம் எடுக்கும்.

பெட்டிக்குச் சார்ஜ் போடச் சமையல் பிரதர் மறந்துபோகிற நாட்களும் உண்டு. பாதியில் நின்றுவிடும். போய்ப் பார்க்க ஒருவரும் அசைவதில்லை. வலப்பக்கம் ஒரு வரி, இடப்பக்கம் ஒரு வரி என்று முறை தவறாமல் கடைசிவரை அசைத்து முடிக்கிறோம். முடிந்ததும் பெரிய பிரதர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போகிறார். சுருதியைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.