அகத்தியர் மலைத் தழை

அகத்தியர் மலையில் பெண்கள் ஏறக் கூடாதென்று ஒரு கட்டுப்பாடு. சரி, ஏற வேண்டாம். ஆனால் அங்கிருந்து ஆண்கள் வாங்கிக்கொண்டு வரும் ஜுரத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் பெண்கள் வேண்டும். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

என் கணவர் சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா. ஒரு மாசி மாதம், காட்டிலாகா அனுமதி கிடைத்ததே பூர்வ ஜன்மப் புண்ணியம் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நாலைந்து பேரோடு போனக்காடு வழியாக மலையேறினார். வரும்போது காலெல்லாம் அட்டைக்கடி, மடியில் ஒரு கட்டுத் தழை. அந்தக் காட்டில் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாதென்று உத்தரவு. இது அகத்தியரே தந்த மருந்து, உத்தரவெல்லாம் அவருக்கு இல்லை என்றார்.

கொஞ்ச நாளில் குளிர் ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மலை ஜுரம் என்று கொயினாப் பொடி கொடுத்தார். இவர் தொடமாட்டேன் என்றார். தழைக் கஷாயம் போதுமாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கெஞ்சினேன், சண்டை போட்டேன், எருமை மேல் மழை பெய்த கதைதான். கடைசியில் கொயினாவைக் கஷாயத்திலேயே கலந்தேன். இரண்டும் கசப்பு, தெரியவா போகிறது? ஜுரம் விட்டது. அகத்தியர் மகிமை ஸ்ரீவராகம் தெரு முழுக்கப் பரவியது. ஆள் பிழைத்தாரே, அது போதுமென்று நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் எதிர்வீட்டு மாமி ஓடி வந்தாள். அவளுடைய ஒரே பிள்ளைக்கு அதே குளிர் ஜுரம். ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம், அந்தத் தழையில் கொஞ்சம் வேண்டும் என்று இவர் முன்னால் நின்று அழுதாள். இவர் முகத்தில் ஒரு பிரகாசம். கால் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குப் போய்த் தழையை எடுத்து வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"மாமி, இதை நம்பாதீங்கோ. இவர் ஜுரம் கொயினாவிலே விட்டதாக்கும். கஷாயத்திலே நான்தான் கலந்து குடுத்தேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓடினாள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான்.

மாமி போனதும் இவர் கத்துவார் என்று நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. தழையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ, அகத்தியர் எனக்கு ஒண்ணுமே தரலையா?" என்று கேட்டார்.

சண்டையென்றால் ஜெயித்திருப்பேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.