தொப்பைக்குள் ஒரு கஜானா

என் தொப்பைக்குள் வைட்டமின் டி பத்திரமாக இருக்கிறது, தொப்பையைக் கரைத்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதைக் காப்பாற்ற வடை வேறு தின்றேன்.

ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் ஏறிவிட்ட வருடங்கள் அவை. ஆரணியில் எனக்குப் பட்டுச் சேலை வியாபாரம். பக்கத்து முள்ளிப்பட்டு கிராமத்தில் வீட்டுத்தறி வைத்திருப்பவர்களிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்து, சேலையாக வாங்கி, வீட்டு முன்கூடத்திலேயே விற்பேன். கல்யாண வீட்டார் வந்தால் பாயில் உட்காருவார்கள். நானும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டும். பெண்ணின் அம்மா, “மேல இருக்குதே மயில் கழுத்துக் கலரு, அத்த எடுங்க” என்பார். எழுந்து எடுத்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும். அந்த வருடம் முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. எழும்போது முதலில் அலமாரியைப் பிடித்தேன், பிறகு சுவரை. ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் தோளையே பிடித்துவிட்டேன். அவர்கள் சேலை வாங்காமல் போனார்கள். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவனுக்கு எங்கள் ஊரில் பட்டு வியாபாரம் கிடையாது.

வேலூருக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். “வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்குங்க. உங்க உடம்புல கொழுப்பு அதிகம், டி அதுல போய்த் தங்கிடுது. வெயிட்டக் குறைங்க, வெயில்ல நடங்க” என்றார். வாரம் ஒரு முறை பாலில் கலந்து குடிக்க வைட்டமின் டி பொட்டலங்களும் எழுதிக் கொடுத்தார்.

சாயம் போட்ட பட்டை நிழலிலேயே உலர்த்திப் பழகியவன், என்னை மட்டும் வெயிலில் போட்டேன். சோறு பாதியானது. பொட்டலங்கள் தீர்ந்தன. சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். சில மாதம் கழித்து, தெரிந்த ரைஸ்மில்லில் நெல் மூட்டை எடை போடும் தராசில் ஏறி நின்றேன். மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

“முன்ன ஒண்ணரை மூட்டைக்கு நின்னுகினு இருந்தீங்க. இப்ப நல்லா எறங்கிட்டீங்கண்ணே.”

வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. நெசவாளிக்குப் பட்டை எடை போட்டுத்தான் கொடுப்பேன், சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவேன். குறைந்தால், “சரக்கு எங்க போச்சு?” என்று கேட்பேன். கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அன்று என்னையே கேட்டது. டி தங்கியிருப்பது கொழுப்பில். கொழுப்பு இறங்கிவிட்டது. அப்படியானால் சரக்கு எங்கே போச்சு? வீடு வரும் வழியெல்லாம் என் எலும்புகள் அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாளிலிருந்து என் நடை பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சுருங்கியது, அங்கே தினமும் வடை. வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

“இன்னாங்க இது? இப்பதான் புடிச்சித் தைச்சோம், பித்தான் பிச்சிகினு வருது” என்றாள் மனைவி. “காலையில எங்க நடக்கறீங்க, ஓட்டலுக்குள்ளயா?”

நான் கௌரவமாக விளக்கினேன். “கொழுப்புலதான் வைட்டமின் இருக்குது. அது போச்சுன்னா இதுவும் போயிடும். டாக்டரே சொன்னாரு.”

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க. அதுல வைட்டமின் வேற இருக்குதுன்னு சொல்லல.”

“வெளையாடாத. எலும்பு விஷயம்.”

“சரி, சாயம் போடறதுக்கு முன்ன பச்சைப் பட்டு நூலை சோப்புத் தண்ணியில வேக வெச்சா எடை கால்வாசி எறங்கிடுதே. அப்ப யார்கிட்டப் போய் சரக்கு எங்கன்னு கேட்டீங்க?”

“அது பசை. பசை போனாதான் பட்டு பளபளன்னு வரும்.”

“உங்களோட ஒரே பேஜாருங்க. அந்த நியாயத்தை உங்க தொப்பைக்கும் கொஞ்சம் சொல்லுங்க.”

பட்டு நியாயம் என் எலும்புக்குப் போதவில்லை. மறுபடி வேலூர். நான் பாதிதான் காதில் வாங்குவேன் என்று அவளும் கூடவே வந்தாள். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கொழுப்புக்குள்ள இருக்கற டி உங்களுக்கு உதவாதுங்க. ரத்தத்துக்கு வந்தாதான் வேலை. இப்ப கொழுப்பு அதை இழுத்து வெச்சிகினு வெளிய விடமாட்டேங்குது. எளைச்சீங்கன்னா அது பதுங்கற எடம் கொறையும். ரத்தத்துல கொஞ்சம் ஏறும். கொஞ்சம்தான். எளைச்சா மட்டும் போதும்னு நெனச்சிக்காதீங்க.”

“அப்ப வடைங்க, டாக்டர்?” என்று மனைவி கேட்டாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

“வடையில டி கெடையாதும்மா.”

திரும்பி வந்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், டீக்கடைக்காரர் வழக்கம்போல, “அண்ணே, வடை சூடா இருக்குது” என்று குரல் கொடுத்தார். “அண்ணன் தொப்பைக் கஜானாவ மூடிட்டாருப்பா” என்றாள் மனைவி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது.

மறுபடி வெயிலில் நடந்தேன். தின்ற வடையை இறக்கவே பல வாரம் ஆயிற்று, அதன் பிறகுதான் முன்பு இளைத்திருந்த கணக்குக்கு வந்தேன். அடுத்த கல்யாண சீசனில் ஒரு அம்மா மேல் தட்டுச் சேலையைக் கேட்டபோது எதையும் பிடிக்காமல் எழுந்தேன். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டி குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. முதலில் குடித்த பொட்டலத்தால் எவ்வளவு, வெயிலால் எவ்வளவு, இளைத்ததால் எவ்வளவு என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏறிய அளவும் போதவில்லை. மறுபடி பொட்டலம் எழுதிக் கொடுத்தார்.