அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்

இருபத்துமூன்று வயதில், மயிலிட்டியில் கடற்றொழில் செய்து சேர்த்த காசோடு, யாழ்ப்பாணத்தில் பழைய கார் விற்கும் இடமொன்றுக்குப் போனேன். நான் கேட்ட வெள்ளைக் காரின் கதவைக்கூட அங்கிருந்த முதலாளி திறந்து காட்டவில்லை.

"தம்பி, வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. என்ரை உழைப்பு."

"அப்ப அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

சலரோகம் என்ற நீரிழிவால் அப்பாவுக்குப் பார்வை முற்றாகப் போயிருந்தது. எனக்கு அந்தக் கார் வேண்டும். மறுநாள் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். அவருக்கு இருக்கக் கதிரை வந்தது, தேத்தண்ணீர் வந்தது, காரைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவர் கைக்கே வந்தது.

"ஐயா, உந்த வெள்ளைக் கார் பிடிச்சிருக்கோ?"

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஓம், நல்ல வடிவு" என்றார்.

முதலாளிக்கு அது போதுமாயிருந்தது.