புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு ஹார்ன்

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிளில் பெல் இருந்தது. முதல் மாதமே அதன் மூடியை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். நூறு சைக்கிள்கள், நூறும் ஒரே நிறம். எவனோ ஒருவனுடைய மூடி தொலைய, அவன் பக்கத்து சைக்கிளில் கழற்ற, அந்தப் பக்கத்து சைக்கிள்காரன் அடுத்ததில் கழற்ற, இப்படியே வந்து என்னிடத்தில் நின்றது. நானும் ஒன்றைக் கழற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் கழற்றவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. என்னுடையதை எடுத்தவனைக் கண்டுபிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் அது சீக்கிரம் போகாது.

எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர். அதே ரோட்டில்தான் காலையில் தக்காளி வண்டிகள் பாலக்கோடு மண்டிக்குப் போகும். மினி லாரி, டிராக்டர், டாட்டா ஏஸ், எதுவானாலும் உள்ளே பாட்டு அலறும். மண்டியில் விலை இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் ஓட்டுகிறவனுக்கு ஓரத்தில் சைக்கிள் போவது கண்ணில் படாது. ஒருநாள் ஒரு வண்டி என்னை உரசிக்கொண்டு போக, நான் சைக்கிளோடு வேலிகாத்தான் புதரில் விழுந்தேன். கையெல்லாம் முள். வண்டிக்காரன் நிறுத்தவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்து, பெல் வேண்டாம், ஹார்ன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா முள்ளை எடுத்துக்கொண்டே, “பார்த்துப் போவத் தெரியல, இதுல ஹார்னு வேற” என்றாள். அப்பா அடுத்த நாள் என்னைப் பாலக்கோட்டுக்குக் கூட்டிப்போனார்.

சைக்கிள் கடை பாய் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். சாதா பெல், பெரிய இரட்டை பெல், பேட்டரி போட்டால் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடும் ஒன்று, பெரிய ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹார்ன் ஒன்று. ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். சாதா பெல் கிணிங் என்றது. அதற்குக் கோழிகூட நகராது. ஆம்புலன்ஸ் எனக்குப் பிடித்தது. “அது மழையில நனைஞ்சா வாயத் தொறக்காதும்மா” என்று பாயே சொல்லிவிட்டார். ரப்பர் பந்தை அமுக்கினேன். ‘பாம்’ என்றது. எதிர்க் கடை வாசலில் நின்றவர் துள்ளி ஓரமாக ஒதுங்கினார். இதுதான் என்றேன்.

“பாப்பாவுக்கு இரட்டை பெல்லு போதுமேங்க” என்று பாய் அப்பாவைப் பார்த்தார்.

“அது கேக்கறதையே குடுங்க பாய். ரோட்டுல போறது அதுதானே” என்றார் அப்பா. அவர் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாட்கள் நான் ரோட்டையே விலைக்கு வாங்கியவள். டிராக்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடுகள் வழிவிட்டன. எதிரே யாருமே இல்லாதபோதும் அமுக்கினேன். பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. அவர் மகள், என்னைவிட மூன்று வயது பெரிய அக்கா, படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் வந்து, “நான் ஒரு தடவ அடிக்கட்டா புள்ள?” என்று கேட்டாள். ஒரே தடவைதான் என்று சொல்லி அனுமதித்தேன். எனக்கு அவ்வளவு திமிர்.

நான்காம் நாள் சனிக்கிழமை. சிறப்பு வகுப்பு என்று காலையிலேயே கிளம்பினேன். அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை நான் யோசிக்கவில்லை. தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. நீளமாக மூன்று தடவை அமுக்கினேன்.

எங்கள் ஊரில் அப்படி நீளமாக மூன்று தடவை அடிக்கும் சத்தத்துக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் உண்டு: மொபெட்டில் வரும் மீன்காரர். எந்த ஏரி மீனையோ ஒகேனக்கல் மீன் என்று விற்பவர். புரட்டாசி முழுக்க ஊரில் யாரும் கவிச்சி தொடமாட்டார்கள் என்பதால் அவரும் அந்த மாதம் வருவதில்லை. ஆனால் வருஷம் முழுக்கக் கேட்டுப் பழகிய காதுக்குப் புரட்டாசி தெரியுமா? மூன்று பூனைகள் ஓடிவந்தன. அவற்றுக்குப் பின்னால், எங்கள் தெருவிலேயே பெரிய பக்திமானான அத்தை ஒருத்தி, நெற்றியில் நாமத்தோடு, கையில் மீன் வாங்கும் குண்டானோடு வாசலுக்கு வந்து நின்றாள். வந்த பிறகுதான் அவளுக்கு மாதம் ஞாபகம் வந்தது. அதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். தெருவே சிரித்தது.

சிரித்தவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நிலம் ஒன்று, கிணறு ஒன்று, பேச்சும் ஒன்று. அந்தப் பேச்சு பெரியப்பாவுடையது.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது அவர் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. அப்பாவிடம்தான் பேசினார்.

“ஏன்டா, பொட்டப்புள்ள மீன்காரனாட்டம் ஊரக் கூட்டிக்கிட்டுப் போவுது. நீ பார்த்துக்கிட்டு இருக்கற?”

“தக்காளி வண்டிக்காரனுக்கு பெல்லு கேக்க மாட்டேங்குதுண்ணா. அன்னிக்கே முள்ளுல தள்ளிட்டுப் போயிட்டான்.”

“ரோட்டுல போறவன் எல்லாம் இவளத் திரும்பிப் பாக்கறான். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஊரு வாயை மூட ஒலைமூடி இருக்குதா? ஹார்ன கழட்டு. இல்லைன்னா சைக்கிள வூட்டுல நிறுத்திட்டு பஸ்ல அனுப்பு.”

முள்ளில் தள்ளியவனை விட்டுவிட்டார்கள். சிரித்தவனையும் விட்டுவிட்டார்கள். குண்டானோடு வந்தவளையும் விட்டுவிட்டார்கள். ஹார்ன் அடித்தவள்தான் குற்றவாளி. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், சைலன்ஸரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தெருவே அதிர மோட்டார் பைக் ஓட்டுவான். அவனை யார் திரும்பிப் பார்த்தாலும் ஊருக்கு வாய் கிடையாது. இதை அன்றைக்கே உரக்கச் சொன்னேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பா உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். குனிந்து ஹார்னைக் கழற்றிப் பெரியப்பா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. எங்கள் ஊருக்குக் காலையில் வரும் ஒரே பஸ் பத்தரை மணிக்குத்தான் வரும், பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கே தொடங்கிவிடும். பஸ்ஸில் அனுப்பு என்றால் வீட்டில் நிறுத்து என்று அர்த்தம். அப்பாவுக்கு அது உடனே புரிந்திருக்கிறது. எனக்கு ஹார்ன் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். துப்பட்டாவுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள். வெளியே எடுத்தாள். ஒரு பெல். என் சைக்கிளில் இருந்தது போலவே அரசாங்க பெல், மூடியோடு.

“என் சைக்கிளுது. பால் கேன் கொண்டுபோறதுக்கு எதுக்கு பெல்லுன்னு அப்பவே கழட்டி வெச்சிட்டேன். நீ மாட்டிக்க.”

அவளுக்கும் பதினொன்றாம் வகுப்பில் அதே சைக்கிள் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ரோட்டில் நின்று யாருடனோ பேசினாள் என்று யாரோ சொல்ல, பெரியப்பா அவள் படிப்பை நிறுத்தினார். சைக்கிள் பால் சொசைட்டிக்குப் போக ஆரம்பித்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்:

“உங்கப்பாரு ஹார்ன புடுங்குவாரு, நீ பெல்லு குடுப்பியா? யாருக்கு வேணும் உன் பிச்ச? எடுத்துக்கிட்டுப் போ.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பெல்லைத் திரும்பத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை பெல்லும் இல்லாமல் ஹார்னும் இல்லாமல் கிளம்பினேன். யாராவது குறுக்கே வந்தால் தொண்டை கிழியக் கத்துவது என்று முடிவு செய்திருந்தேன். அக்கா தெருக்குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவும் ஹார்ன் மாட்டியிருக்கிறேனா என்று அவள் அப்பாவுக்காக வேவு பார்க்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக மிதித்தேன்.