பூட்டியவர் பெயர்

திருப்பூரில் எனக்கு ஆகவே ஆகாத வாக்கியம் ஒன்று உண்டு. "மேல சொல்லிட்டாங்க." டெய்லரிடம் சூப்பர்வைசர் இதைச் சொல்வார், சூப்பர்வைசரிடம் மேனேஜர் சொல்வார், மேனேஜரிடம் முதலாளி சொல்வார். முதலாளியைக் கேட்டால் பையர் சொல்லிவிட்டார் என்பார். சரக்கு வாங்கும் அந்த பையர் கடல் தாண்டி எங்கோ இருக்கிறார். அவரைப் பிடித்துக் கேட்டாலும் அவருக்கு மேலே இன்னொருவர் இருப்பார். யாரும் எதையும் முடிவு செய்யாமலேயே இந்த ஊரில் எல்லாம் முடிவாகிவிடும்.

என் பிழைப்பே இந்த மேல் கீழ் விவகாரம்தான். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு நூல் கடையின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கும் மெஷின் கண்காணிப்பும் செய்து கொடுக்கிறோம். அந்த புரோகிராம்கள் எல்லாம் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் லைப்ரரி என்ற பொது நிரல் தொகுப்பு ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். எந்தத் திரையாவது "இந்த செட்டிங்குக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். தலைவலி எங்கே என்றால், ஒரே செட்டிங்குக்கு நாலு பேர் நாலு மதிப்பு வைத்திருப்பார்கள். லைப்ரரிக்குள் நான் வைத்தது ஒன்று. கம்பெனி வைத்தது ஒன்று. அந்த யூனிட் வைத்தது, தையல் மெஷின் வரிசையான அந்த லைன் வைத்தது என்று அடுக்கு அடுக்காக இருக்கும். யார் பேச்சு எடுபடும்? வேலைக்கு மிக அருகில் இருப்பவர் பேச்சுதான் எடுபடும் என்று எழுதினேன். லைன் ஒரு மதிப்பு வைத்திருந்தால் அதுதான் செல்லும். லைன் வைக்கவில்லையென்றால் யூனிட், யூனிட்டும் வைக்கவில்லையென்றால் கம்பெனி, யாருமே வைக்கவில்லையென்றால் என்னுடையது.

என் ஆபீஸ் முதலாளி இதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "ஏனுங் அம்மிணி, தலைகீழா இருக்குதே? கம்பெனி வெச்சத ஒரு சூப்பர்வைசர் மாத்திப்போடலாமுங்களா?"

"தடிச்ச துணி தைக்கிற லைனும் மெல்லிசுத் துணி தைக்கிற லைனும் ஒரே மாதிரி ஓடாதுங்க. அது லைன்ல நிக்கிறவங்களுக்குத்தானுங்களே தெரியும்?" என்றேன். அவர் நல்ல மனிதர். வாதத்தில் தோற்றால் டீ சொல்லிவிடுவார். அன்றும் டீ வந்தது.

அருள்புரத்தில் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் யூனிட் இருக்கிறது. அங்கே தையல் மெஷின் தைக்காமல் நின்றால், அனுமதித்த நேரம் தாண்டியதும், லைன் முனையில் மாட்டியிருக்கும் திரையில் அந்த டெய்லரின் எண் சிவப்பாக மாறும். சிவந்தால் எல்லோர் முன்னாலும் பாட்டு வாங்க வேண்டும். கம்பெனி வைத்திருந்த நேரத்தில் கக்கூஸ் வாசல்வரை போகலாம், திரும்பி வர முடியாது. அது கட்டிங் ஷெட்டைத் தாண்டி, ஜெனரேட்டரையும் தாண்டி, காம்பவுண்டின் அந்தக் கோடியில் இருந்தது. அந்த லைன் பெண்கள் காலையில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயங்கால வேனில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

என் அம்மா பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை செய்தவர். வேலைநேரத்தில் தண்ணீர் குடிக்காமலே பழகியவர், இப்போது சிறுநீரகக் கல்லோடு அவதிப்படுகிறார். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. அது எனக்கு வேண்டவும் வேண்டாம்.

அந்த லைனின் சூப்பர்வைசர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, டெய்லராக உட்கார்ந்து, பிறகு சூப்பர்வைசரான பெண். ஒருநாள் அவரே செட்டிங்கைத் திறந்து தன் லைனுக்கு மட்டும் அந்த நேரத்தைக் கூட்டி வைத்துவிட்டார். லைப்ரரி நான் எழுதியபடியே லைன் பேச்சைக் கேட்டது. பெண்கள் தண்ணீர் குடித்தார்கள், எழுந்து போனார்கள், வந்து தைத்தார்கள். உற்பத்தி ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அது யூனிட் மேனேஜர் கண்ணில் பட்டதும் நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"ஒரு பூட்டு வேணுமுங்க. கம்பெனி ஒரு மதிப்ப வெச்சுப் பூட்டிப்போட்டா கீழ யாரும் அத மாத்தக்கூடாதுங்க. பூட்டியிருக்குதுன்னு திரையில காட்டவும் வேண்டாமுங்க. சும்மா எதுக்கு அவங்கள வருத்தப்பட வெச்சுக்கிட்டு?"

எங்கள் ஊர் மரியாதையே மரியாதை. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் அறுப்பார்கள்.

"இத யாருங்க கேட்டது?" என்றேன்.

"மேல சொல்லிட்டாங்க."

"மேலன்னா யாருங்க?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? ஒரு செட்டிங்குதானுங்களே." ஆபீஸ் முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மெல்ல மிதித்தார்.

மேனேஜர் போனபிறகு அவர் வெளிப்படையாகவே சொன்னார். இந்தக் கம்பெனி போனால் ஆபீஸ் ஆட்டம் கண்டுவிடும். கேட்டதைச் செய்து கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் என்னை வைத்துக்கொள்ள அவரால் முடியாது. இதையும் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் காலை அந்த சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. "ஏம் மேடம், நான் கூட்டி வச்சத நீங்க கொறைக்கப் போறீகளாமே? மேனேஜர் சொல்றாரு. எங்க பிள்ளைக மறுபடியும் பல்லக் கடிச்சுட்டு உக்காரணுமா?" நான் பதில் தேடுவதற்குள் அவரே முடித்தார். "மேல சொல்லிட்டாகன்னு நீங்களும் சொல்லிராதீக."

சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

பூட்டு என்பதே தப்பில்லை. பாய்லர் அழுத்தம், தீ எச்சரிக்கை மணி இதையெல்லாம் எந்த லைனும் தன் இஷ்டத்துக்குத் தளர்த்தக்கூடாது. அங்கே பூட்டு வேண்டும். எனக்கு ஆகாதது யார் பூட்டினார் என்று தெரியாத பூட்டு. அதனால் கேட்ட பூட்டை எழுதினேன். கூடவே ஒரு விதியையும் எழுதினேன். ஒரு மதிப்பை வைத்தாலும் பூட்டினாலும் அதைச் செய்தவர் பெயரும் காரணமும் அதோடு இருக்க வேண்டும். பெயரைத் தட்டச்சு செய்ய முடியாது, யார் உள்ளே நுழைந்திருக்கிறாரோ அவர் பெயரை லைப்ரரியே எடுத்துக்கொள்ளும். காரணம் காலியாக இருந்தால் அந்த மதிப்பு செல்லாது. பெயர், காரணம் இரண்டும் லைன் திரையில், எல்லோர் கண்ணிலும் படும்படி தெரியும்.

ஆபீஸ் முதலாளி பார்த்தார். "நல்லாத்தானுங் இருக்குது. வேண்டாங்கறவங்க நிறுத்தி வெச்சுக்கறதுக்கு ஒரு ஆப்ஷன் மட்டும் குடுத்துருங் அம்மிணி."

"குடுக்க மாட்டேனுங்க."

"எல்லாத்துக்கும் ஆப்ஷன் வெச்சிருக்கிறீங்களே?"

"எல்லாத்துக்கும் வெச்சிருக்கிறேன். இதுக்கு மட்டும் இல்லீங்க. வேணும்னா வேற ஆளப் போட்டு எழுதிக்குங்க, நான் போய்க்கறேன்." அவர் கீழே எட்டிப் பார்த்து டீ சொன்னார்.

மேனேஜர் எங்கள் ஆபீஸுக்கு வந்து, தன் பெயரில் உள்ளே நுழைந்து, பழைய நேரத்தைப் போட்டுப் பூட்டு என்பதை அழுத்தினார். லைன் திரையில் எப்படித் தெரியும் என்பது முன்னால் வந்து நின்றது. பூட்டியவர் என்று அவர் பெயரும் பதவியும் இருந்தன, பக்கத்தில் காரணத்துக்கு ஒரு காலிக் கட்டம்.

"எம்பேரு எதுக்குங்க? நான் சொன்னதில்லீங்களே இது."

"அப்ப சொன்னவங்களையே வந்து பூட்டச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். "மொதலாளி, மொதலாளி" என்று ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே பேசினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. "அவங்க பேரும் போடக்கூடாதுங்கறாங்க." பூட்டாமலேயே கிளம்பிப் போய்விட்டார்.

நான் வென்றுவிட்டதாகக் குதிக்க முடியவில்லை. விதி எல்லோருக்கும் விதிதானே. நேரத்தைக் கூட்டிவைத்த அந்த சூப்பர்வைசரின் பெயரும் இனித் திரையில் தெரியும். கம்பெனி முதலாளிக்கே துணிவில்லாத இடத்தில் தினமும் வேலைக்கு வந்து நிற்க வேண்டியவர் அவர். நானே அருள்புரம் போனேன். புதிய லைப்ரரியை ஏற்றும் முன்பு அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாமென்றால் லைன் மதிப்பை எடுத்துவிடலாம், அவர்மேல் எந்தப் பழியும் வராது என்றும் சொன்னேன்.

"எங்க தட்டணும்?" என்றார்.

காரணம் என்ற கட்டத்தைக் காட்டினேன். ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். லைன் முனைத் திரையில் பெரிய எழுத்தில் அவர் பெயர் வந்தது. அதன்கீழ் காரணம் வந்தது: கக்கூஸ் தூரம்.

முதலில் ஒரு மெஷின் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பீகார்ப் பெண் பக்கத்தில் கேட்க, பக்கத்துப் பெண் இந்தியில் சொல்ல, அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் லைன் முழுக்க நின்று திரையைப் பார்த்தது. சத்தம் நின்றதைக் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார்.

"என்னங்க இது, அசிங்கமா? பையர் வர்ற எடமுங்க. அழிச்சுப்போடுங்க."

"இருக்கத எழுதியிருக்கேன் சார்," என்றார் சூப்பர்வைசர். "பிடிக்கலைன்னா நீங்க பூட்டிருங்க. ஒங்க பேரு வந்துரும்."

மேனேஜர் திரையைப் பார்த்தார். லைனைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரிங்க, வேலையப் பாருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நடு வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றார்.

"அக்கா, போயிட்டு வந்துர்றேன்."

"போயிட்டு வா," என்றார் சூப்பர்வைசர். "ஓடாத. மெதுவா வா."