ரீத்தா டிரம்ஸில் உட்கார்ந்த திருவிழா

இருபத்திரண்டு வருஷம் கழித்து ரீத்தாவுக்குத் திடீரென்று டிரம்ஸ் ஆசை வந்துவிட்டது என்று பாம்பூ பிளாட் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். ஆசை எப்போது போனது, திரும்பி வருவதற்கு? பிடுங்கி வைத்தது ஸ்டிக்கை மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் என்றால் ரீத்தாதான். கல்யாணமான மறுவாரமே கணவனின் அண்ணன் இருதயநாதன், அன்றைக்கும் இன்றைக்கும் அந்தக் குழுவுக்குத் தலைவர், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நம்ம வீட்டு மருமக காலை அகட்டி உக்காந்து கொட்டடிக்கது நல்லாவா இருக்கு? எந்திரி." புதுப்பெண். எழுந்துவிட்டாள். பிறகு பிள்ளை, அடுப்பு, வேலை. கணவனுக்குக் கார் நிக்கோபாரில் அரசாங்க உத்தியோகம், வருஷத்துக்கு ரெண்டு மாசம் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் தினமும் படகேறிப் போய் சாத்தம் ஜெட்டி படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாள். மகளும் இந்த வருஷம் மெயின்லேண்டில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். அவளைக் கப்பலேற்றிவிட்ட அன்றைக்கே ரீத்தா இருதயநாதன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அத்தான், இந்தத் திருவிழாவுக்கு நான் டிரம்ஸ் வாசிக்கேன்."

"உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? ஜஸ்டின் கீபோர்டுல பட்டனை அமுக்குனா பீட்டு தானா வருது. இந்த வயசுல எதுக்கு இந்தத் தமாஷா?"

கீபோர்டு வாசிக்கும் ஜஸ்டின் அவருடைய மகன். "சித்தி ஒரு தடவ வாசிச்சுத்தான் பாக்கட்டுமேப்பா" என்றான்.

பார்த்தார்கள். கோயிலில் டிரம்ஸை மூடிக் கிடந்த தார்ப்பாயை உருவி, தூசி தட்டி, ரீத்தா உட்கார்ந்தாள். முதல் சரணம் எப்படியோ ஓடிற்று. இரண்டாவதில் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஸ்டிக் ஒன்று நழுவி பீடம் வரைக்கும் உருண்டது. குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. "பஸ், பஸ்! பாத்தாச்சு, போதும்" என்று இருதயநாதன் கையைத் தட்டினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரீத்தா அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். சிரித்த ஒவ்வொரு மூஞ்சியையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே நடந்தாள்.

இந்தத் தீவில் விடிகாலை ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். மறுநாள் ஐந்து மணிக்கு ரெண்டு தலையணை, ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, தரையில் வலது கால். தொம் தொம்மென்று சத்தம். பக்கத்து வீட்டு நீலாவதி ஜன்னலைத் திறந்தாள்.

"ரீத்தாக்கா, சுபே சுபே, காலங்காத்தால என்ன இடிக்கிறீங்க?"

"டிரம்ஸ் படிக்கேன்."

"அய்யய்யோ, எத்தனை நாளைக்கு?"

"வர்ற வரைக்கும்."

மூன்று வாரம் நீலாவதி தூங்கவில்லை. ரீத்தாவுக்குக் கணுக்கால் வீங்கிப்போயிற்று. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனாள்.

திருவிழா நாள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ், ராஞ்சிக்காரர்களின் இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று ஆளுக்கொரு பாட்டு. கடைசியில் நன்றிப் பாட்டை மட்டும் எல்லோரும் ஒரே மெட்டில், அவரவர் மொழியில், ஒன்றாகப் பாட வேண்டும். ஒற்றுமைக்காக ஆரம்பித்ததாம். கிழிந்தது! கடைசிப் படகைப் பிடிக்கப்போவதுபோலத் தமிழர்கள் ஓடுவார்கள். ராஞ்சிக்காரர்கள் ஆற அமர வருவார்கள். ஜஸ்டினின் பட்டன் யாரையும் சட்டை பண்ணாமல் தன் பாட்டுக்குப் போகும். வருஷா வருஷம் இதே கூத்து, வருஷா வருஷம் எல்லோரும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போவார்கள்.

தமிழ்ப் பாட்டு முடிந்தது. நன்றிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கையில் ரீத்தா பெண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நேராகப் போய் டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டாள்.

இருதயநாதனுக்கு முகம் கறுத்தது. கிட்டே வந்து பல்லைக் கடித்தார். "ஏய், எந்திரி."

"ஒங்க தமிழ்ப் பாட்டு முடிஞ்சிட்டுல்லா அத்தான்? இது அஞ்சு பாஷைக்காரங்களுக்கும் உள்ள பாட்டு. இதுக்கு நீங்க தலைவரில்ல. ஜஸ்டின், அந்தப் பட்டன நிப்பாட்டுப்பா."

ஜஸ்டின் அப்பாவைப் பார்த்தான், சித்தியைப் பார்த்தான். நிப்பாட்டினான்.

அடித்தாள். முதல் வரியிலேயே இருதயநாதன் வேண்டுமென்றே கையை வீசி வீசித் தமிழர்களை வேகமாகப் பாட விரட்டினார். ரீத்தா அவர் கையைப் பார்க்கவேயில்லை. எதிர்ப்பக்கம் மாந்தர் என்கிற மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற ராஞ்சிக்காரரின் கையைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அந்த நடையில் பேஸ் டிரம்மை மிதித்துப் பிடித்துக்கொண்டாள். கணுக்கால் வலியில் உயிர் போனது. விடவில்லை. ஓடிய தமிழர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது சரணத்தில் ஐந்து மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் மூச்சை இழுத்தார்கள். நிக்கோபாரிப் பெண்கள் குரலை மேலே ஏற்றினார்கள். இருதயநாதன் கை மட்டும் தனியாக வீசிக்கொண்டிருந்தது, கடைசியில் அதுவும் நின்றது.

பூசை முடிந்து, புதிதாக வந்திருந்த சாமியார் நேரே டிரம்ஸிடம் வந்தார். "யாரும்மா நீ? இத்தனை நாளா எங்க இருந்த?"

இருதயநாதன் முந்திக்கொண்டார். "நம்ம வீட்டு மருமகதான் ஃபாதர். நாந்தான் சொல்லி உக்கார வச்சேன்."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்!

"இல்ல ஃபாதர்" என்றாள் ரீத்தா. "இவுக எந்திரின்னாக. இன்னைக்கும் சொன்னாக, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியும் சொன்னாக. அன்னைக்கு எந்திரிச்சது என் தப்பு."

இருதயநாதன் தொண்டையைச் செருமினார். "சரி சரி, அடுத்த திருவிழாவுக்குப் பாப்போம்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பூசைக்கே நான்தான் அத்தான். கேக்கல, சொல்லுதேன்."

மாந்தர்க்காரர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். "ஏக் பார் அவுர், தீதி? இன்னொரு தடவ, அக்கா?" என்றார். ரீத்தா ஸ்டிக்கை எடுத்தாள்.